மன்றத்தின் சாவியை யார் வாங்கிக்கொள்வது?

 

நம் ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தல் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு கூட்டம் நடக்கிறது. உறவினர்கள் அணி பிரிகிறார்கள். சில ஊர்களில் வழக்கு வக்ஃப் வாரியம் வரைக்கும், அதற்கப்பால் நீதிமன்றம் வரைக்கும் செல்கிறது. அதே ஊரில், அந்தப் பள்ளிவாசலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு விளையாட்டு மன்றம் இருக்கும். ஒரு சிறிய மைதானம், இரண்டு கேரம் பலகைகள், நாளிதழ் வாசிக்க ஒரு நீண்ட மேசை, மழைக்கு ஒழுகும் ஒரு கூடம். அதன் செயற்குழுவுக்கு ஒன்பது பேர் தேவை என்று அறிவித்தால் நான்கு பேர் கிடைப்பதே அரிது. அந்த நான்கு பேரும் பெரும்பாலும் சென்ற முறையும் இருந்தவர்களாகவே இருப்பார்கள்.

இந்த நான்கு பேர் ஏன் வருகிறார்கள்? மற்றவர்கள் ஏன் வருவதில்லை? இக்கேள்விகளை நாம் சிறிய விஷயமாகக் கருதிக் கடந்து போகிறோம். ஒரு சமுதாயத்தின் எதிர்காலம் இதற்கான விடையில் ஓரளவு அடங்கியிருக்கிறது என்பது இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்து வரும் என்னுடைய கருத்து.

விளையாட்டுக்கு ஒரு நிர்வாகம் தேவையா?

முதலில் எழும் ஆட்சேபம் மார்க்கத்தின் பெயரால் வருவது. “விளையாட்டு என்பது வீண். வீணுக்கு ஒரு கட்டடம், அதற்கொரு நிர்வாகம், அதற்கு நேரம் செலவிடும் மனிதர்கள். இவர்கள் அந்த நேரத்தில் தஸ்பீஹ் செய்திருக்கலாமே” என்று சொல்வோர் உண்டு. இவர்களின் எண்ணத்தில் கெட்டது எதுவும் இல்லை. ‘மனமகிழ் மன்றம்’ என்ற சொல்லே தமிழ்நாட்டில் சீட்டாட்டத்தையும் மதுக்கூடத்தையும் நினைவூட்டும் சொல்லாகிவிட்டது. ஆகவே பெரியவர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அச்சம் ஹலாலான பொழுதுபோக்கு முழுவதையும் சந்தேகத்திற்குள்ளாக்கும் அளவுக்குப் போய்விடக் கூடாது.

ஹன்ழலா (ரலி) அவர்களின் செய்தியை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்களின் சபையில் இருக்கும்போது சொர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பதுபோல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்துவிட்டால் அந்த நிலை மாறிவிடுகிறது. நான் நயவஞ்சகனாகிவிட்டேனோ என்று அவர் பதறினார். அதற்கு நபி (ஸல்) அவர்கள், மனித இயல்பில் இதற்கென ஒரு நேரமும் அதற்கென ஒரு நேரமும் உண்டு என்ற பொருளில் மும்முறை கூறி அவரை அமைதிப்படுத்தினார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது. பெருநாள் ஒன்றில் அபிசீனியர்கள் கேடயங்களும் ஈட்டிகளும் கொண்டு பள்ளிவாசலிலேயே விளையாடியதையும், அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களின் பின்னால் நின்று அதைக் கண்டு மகிழ்ந்ததையும், தடுக்க முற்பட்ட உமர் (ரலி) அவர்களை நபியவர்கள் தடுத்ததையும் புகாரீயிலும் முஸ்லிமிலும் காண்கிறோம்.

இவை நாம் அடிக்கடி மேடையில் கேட்பவை. அதிகம் பேசப்படாத ஒரு செய்தியும் உண்டு. இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள்: நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்று மெலிந்த குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை என ஒரு தொலைவு. பயிற்சி பெறாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை என அதைவிடக் குறைந்த ஒரு தொலைவு. இப்னு உமர் (ரலி) அவர்களே அதில் கலந்துகொண்டார்கள்.

இச்செய்தியைச் சற்று நின்று சிந்திக்க வேண்டும். தொடங்கும் இடம், முடியும் இடம், வலியதற்கு ஒரு பிரிவு, எளியதற்கு ஒரு பிரிவு என்று எல்லாம் வகுக்கப்பட்டிருந்தன. விளையாட்டு அனுமதிக்கப்பட்டது என்பதோடு செய்தி நிற்கவில்லை. நீதியோடும் ஒழுங்கோடும் அதை ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற பாடமும் அதில் இருக்கிறது. பதினெட்டு வயது இளைஞர்களோடு பத்து வயதுச் சிறுவனை மோதவிட்டு, பந்தை வைத்திருப்பவனே நடுவர் என்று விட்டுவிட்டால் மைதானத்தில் வலியவன் மட்டுமே மிஞ்சுவான். யாராவது ஒருவர் நேரம் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒருவரைத்தான் நாம் செயற்குழு உறுப்பினர் என்கிறோம்.

மக்தபுக்குப் பிறகு அவன் எங்கே போகிறான்?

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் எவருக்கும் ஓர் உண்மை தெரியும். எட்டாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ எட்டும்போது பிள்ளை மக்தபை விட்டு நின்றுவிடுகிறான். டியூஷன் என்று பெற்றோர் காரணம் சொல்வார்கள். அதன் பிறகு ஜும்ஆவில் கடைசி வரிசையில்தான் அவனைப் பார்க்க முடியும். பதினான்கு வயது முதல் இருபத்திரண்டு வரையிலான அந்த எட்டு ஆண்டுகளில், தந்தையோ ஆசிரியரோ அல்லாத ஒரு பெரியவரோடு அவன் பழகுவதற்கு ஊரில் எந்த இடம் இருக்கிறது? தேநீர்க் கடை வாசல் இருக்கிறது. பாழடைந்த கட்டடத்தின் மாடி இருக்கிறது. கைப்பேசி இருக்கிறது.

அந்த இடங்களில் என்ன கிடைக்கிறது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. கஞ்சாவும் போதை மாத்திரையும் நம் தெருக்களுக்கு வராது என்று இனியும் யாரும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2023இல் சட்டமே நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் எத்தனை குடும்பங்கள் கடனில் வீழ்ந்தன, எத்தனை உயிர்கள் போயின என்பதைச் செய்தித்தாள்களில் படித்தோம். திருக்குர்ஆன் ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களில் மதுவையும் சூதையும் சேர்த்தே தடுக்கிறது. அவற்றின் வழியாக ஷைத்தான் பகையை மூட்டுகிறான், தொழுகையிலிருந்து தடுக்கிறான் என்று எச்சரிக்கிறது. தடை வேண்டும். தடுத்த பிறகு அந்த இளைஞன் அந்த மாலை நேரத்தில் எங்கே போய் அமர்வது என்பதற்கும் ஊர் பதில் வைத்திருக்க வேண்டும்.

நல்ல மன்றம் அந்தப் பதில். அங்கே அஸர் முடிந்து விளையாடுகிறார்கள். மஃரிப் பாங்கு கேட்டதும் பந்து எடுத்து வைக்கப்படுகிறது. தொழுது வந்தவர்கள் இரவு எட்டு மணி வரை படிக்கவோ கேரம் ஆடவோ செய்கிறார்கள். பந்தயப் பணம் வைப்பவனை வெளியே அனுப்பும் ஒரு பெரியவர் அங்கே இருக்கிறார். யாருடைய கண் சிவந்திருக்கிறது, யார் ஒரு வாரமாக வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். இந்தப் பணியை இமாமால் மிம்பரிலிருந்து செய்ய முடியாது.

அவர்கள் ஏன் வருகிறார்கள்?

இப்பணிக்குச் சம்பளம் இல்லை. புகழும் பெரிதாக இல்லை. மின்கட்டணம் கட்டுவது, மோட்டார் பழுதானால் ஆள் தேடுவது, வலை கிழிந்தால் தைப்பது, கழிவறையைச் சுத்தம் செய்ய வருபவர் வராத நாளில் தாமே வாளியைத் தூக்குவது, வளைகுடாவிலிருக்கும் ஊர்க்காரர்களுக்கு நன்கொடை கேட்டு எழுதுவது, இரண்டு அணிகளுக்கிடையே கைகலப்பு வந்தால் இரவு பதினொரு மணிக்கு இரு வீட்டுப் பெற்றோரையும் சமாதானம் செய்வது. இவைதான் அந்தப் பதவியின் உள்ளடக்கம்.

அப்படியிருந்தும் சிலர் வருகிறார்கள். நான் பழகிப் பார்த்த அளவில் அவர்களின் காரணங்கள் ஒரேவிதமானவை அல்ல. ஒருவர் தம் மகன் அங்கே விளையாடுவதால் வருகிறார். ஒருவர் இருபது ஆண்டுகள் துபாயில் தனியறையில் வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பியவர். மனிதர்களோடு இருக்க விரும்புகிறார். ஒருவர் இளமையில் அதே மைதானத்தில் ஓடியவர்; அந்தக் கடனைத் தீர்க்க எண்ணுகிறார். ஒருவரின் தம்பி போதையில் சீரழிந்தவன். மற்றவர் வீட்டுத் தம்பிக்கு அது நேரக் கூடாது என்று நினைக்கிறார். நாளை வார்டு உறுப்பினர் தேர்தலில் நிற்கும் எண்ணத்தோடு வருபவரும் ஒருவர் உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்று படித்த நாம் இவர்களை என்ன செய்வது? பிறர் நெஞ்சைப் பிளந்து பார்க்கும் அதிகாரம் நமக்கு இல்லை. கலப்படமான எண்ணத்தோடு தொடங்கிய பலருடைய நிய்யத்தை அந்தப் பணியே தூய்மைப்படுத்திவிடுவதையும் பார்க்கிறோம். முகஸ்துதிக்காக வந்தவர் மூன்று மாதத்தில் சலித்துப் போய்விடுவார். அதற்குப் பிறகும் நிற்பவரிடம் அல்லாஹ் அறிந்த ஏதோ ஒரு நன்மை இருக்கிறது என்று நாம் நல்லெண்ணம் கொள்ளலாம்.

மக்களுக்குச் செய்யும் பணி மார்க்கத்தில் எவ்வளவு மதிப்புடையது என்பதற்கு அப்பாஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி போதும். ஹஜ்ஜின்போது மினாவில் தங்க வேண்டிய இரவுகளில், ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் தம் பணிக்காக மக்காவில் தங்கிக்கொள்ள அவர்கள் அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். தண்ணீர்ப் பணிக்காக ஹஜ்ஜின் ஒரு கடமையிலேயே சலுகை அளிக்கப்பட்டது. அதேவேளை, ஹாஜிகளுக்குத் தண்ணீர் புகட்டுவதை ஈமானுக்கும் அல்லாஹ்வின் பாதையில் உழைப்பதற்கும் ஈடாகக் கருதிவிட வேண்டாம் என்று ஒன்பதாம் அத்தியாயத்தின் 19ஆம் வசனம் எச்சரிப்பதையும் மறக்கக் கூடாது. மன்றத்துக்கு உழைக்கிறேன் என்று சொல்லி ஃபஜ்ரைத் தவறவிடுபவருக்கு அந்த உழைப்பு ஈடாகாது.

பதவியைக் கேட்கக் கூடாது என்பது ஒதுங்குவதற்கான சாக்கா?

நல்ல மனிதர்கள் ஒதுங்கிக்கொள்ளும்போது ஒரு ஹதீஸைச் சொல்கிறார்கள். அப்துர் ரஹ்மான் பின் ஸமுரா (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள், தலைமைப் பொறுப்பைக் கேட்க வேண்டாம். கேட்டுப் பெற்றால் அதனிடமே விடப்படுவீர், கேளாமல் கிடைத்தால் உதவப்படுவீர் என்று அறிவுறுத்தினார்கள். அபூதர் (ரலி) அவர்களிடம் அது ஓர் அமானிதம், மறுமையில் இழிவும் கைசேதமுமாகும் என்றார்கள். உண்மைதான். ஆனால் அதே அறிவுரையின் இறுதியில் ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. உரிய முறையில் ஏற்று, அதற்குரிய கடமையை நிறைவேற்றியவருக்கு அந்த இழிவு இல்லை.

யூசுஃப் (அலை) அவர்கள் பஞ்சம் வரப்போகிறது என்பதை அறிந்தபோது, களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தருமாறு தாமே கேட்டார்கள். பாதுகாக்கவும் தமக்குத் தெரியும், அதற்கான அறிவும் தமக்கு உண்டு என்றார்கள். ஆசைப்பட்டுக் கேட்பதற்கும், தாம் ஏற்காவிட்டால் மக்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற நிலையில் முன்வருவதற்கும் அறிஞர்கள் வேறுபாடு காட்டியிருப்பது இதனால்தான். பலர் போட்டியிடும் இடத்தில் பின்வாங்குவது பேணுதல். ஒருவரும் இல்லாத இடத்தில் பின்வாங்குவதைப் பேணுதல் என்று எப்படிச் சொல்வது? ஃபர்ளு கிஃபாயாவின் தத்துவமே அதுதான். சிலர் செய்தால் மற்றவர்மீது குற்றமில்லை. ஒருவரும் செய்யாவிட்டால் செய்ய இயன்ற எல்லோரும் பொறுப்பாளிகள்.

நாம் இதைத் தலைகீழாக்கிவிட்டோம். போட்டி மிகுந்த இடத்தில் உரிமை கோருகிறோம்; ஆளில்லாத இடத்தில் ஹதீஸ் சொல்கிறோம்.

ஏன் விலகுகிறார்கள்?

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியிலுள்ள ஒரு மன்றத்தின் பொதுக்குழுவில் ஒன்பது ஆண்டுகள் செயலாளராக இருந்தவர் கூடத்தின் சாவியை மேசைமீது வைத்தார். சோர்வினால் அவர் விலகவில்லை. முந்தைய வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில், மைதான விளக்குகளுக்காக வந்த பணம் எங்கே போயிற்று என்று ஒருவர் பெயரைக் குறிப்பிடாமல் கேட்டிருந்தார். ரசீதுகள் எல்லாம் அவரிடம் இருந்தன. காட்டவும் செய்தார். கேட்டவர் கூட்டத்திற்கே வரவில்லை. அன்று அந்தச் சாவி வெகுநேரம் மேசையிலேயே கிடந்தது.

இதில் இரு தரப்பாருக்கும் பாடம் இருக்கிறது. பொதுமக்களுக்குரிய பாடம் 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனத்தில் உள்ளது: ஊகங்களைத் தவிர்ந்துகொள்ள வேண்டும், துருவித் துருவி ஆராயக் கூடாது, புறம் பேசக் கூடாது. கணக்குக் கேட்பது உரிமை. கேட்க வேண்டிய இடம் பொதுக்குழு. கேட்க வேண்டிய நபர் பொருளாளர். இருட்டில் கல்லெறிவதற்குப் பெயர் கணக்குக் கேட்பதல்ல.

பொறுப்பாளர்களுக்குரிய பாடம் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் இருக்கிறது. இஃதிகாஃபில் இருந்த ஓர் இரவு, தம்மைக் காண வந்த துணைவியார் ஸஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்பச் சென்றபோது அன்ஸாரிகள் இருவர் கடந்து சென்றார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று தெரிவித்தார்கள். அல்லாஹ்வின் தூதரைச் சந்தேகிப்பார் யார்? ஆயினும் ஷைத்தானுக்கு வழி விடாமல் விளக்கம் அளித்தார்கள். என்மீது சந்தேகமா என்று கோபித்துக்கொள்ளும் பொருளாளர் இதைச் சிந்திக்க வேண்டும். கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவது சுன்னத்தான வழி. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, தம் பெற்றோர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். மன்றத்துக்குப் பொருள் வாங்கும் கடையில் தமக்குத் தனியாகத் தள்ளுபடி பெறுபவரும் அந்தக் கேள்வியைத் தம்மிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

என்ன செய்யலாம்?

முதலாவது, கணக்கு. மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதி, மன்றத்தின் வாசலிலும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம் திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனமாக, இரண்டாம் அத்தியாயத்தின் 282ஆவதாக இருப்பது தற்செயலானது அல்ல.

இரண்டாவது, காலவரையறை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி பதிவு பெற்ற சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். கணக்கையும் நிர்வாகிகளின் விவரத்தையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். செயற்குழுவின் காலம் மூன்றாண்டுகளுக்கு மேற்படக் கூடாது. சட்டத்தின் இந்த ஒழுங்கை நாம் வெறும் காகித வேலையாகக் கருதுகிறோம். முடிவு தேதி தெரிந்தால் ஒருவர் துணிந்து பொறுப்பேற்பார். ஆயுள் தண்டனை என்று தோன்றினால் ஓடிவிடுவார். ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் பணியை ஓர் இளையவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு விலகுவது வழக்கமாக வேண்டும்.

மூன்றாவது, திறமை. மூஸா (அலை) அவர்களைப் பணியில் அமர்த்துமாறு தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், ஆற்றலும் நம்பகமும் என்ற இரு தகுதிகளைக் குறிப்பிட்டார். நாம் ஒன்றைப் பார்த்தால் மற்றொன்றை விட்டுவிடுகிறோம். நல்ல மனிதர்தான், கணக்கு வராது என்றால் அவருக்கு வேறு பணி கொடுங்கள். ஊரில் கணக்காளர்கள் இருக்கிறார்கள், மின்பணியாளர்கள் இருக்கிறார்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று கேளுங்கள். கேட்கப்படாததால் வராதவர்கள் பலர்.

நான்காவது, பெண்பிள்ளைகள். வடசென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். நம் வீட்டுப் பிள்ளை அவர். குறுகிய சந்துகளுக்கிடையே ஒரு பலகையும் பயிற்சி தரும் ஒரு தந்தையும் இருந்ததால் அது நிகழ்ந்தது. நம் மன்றங்களில் பெண்களுக்கெனத் தனி நேரமோ தனிக் கூடமோ இருக்கிறதா? ஆண்கள் மட்டுமே அமர்ந்து முடிவெடுக்கும் குழுவில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை. மார்க்க வரம்புகளைப் பேணிக்கொண்டே பெண்களுக்கென ஒரு துணைக்குழுவை அமைக்க எந்தத் தடையும் இல்லை.

ஐந்தாவது, பள்ளிவாசல் அரசியலை மன்றத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுங்கள். எந்த இயக்கம், எந்த அணி, எந்தத் தெரு என்று பார்த்து மைதானத்தைப் பிரிக்கத் தொடங்கினால், பெரியவர்களின் பகையைச் சிறுவர்களுக்கும் நாமே கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

பணம் கொடுப்பவர்கள் நம்மில் குறைவில்லை. ரமளானில் நம் சமுதாயம் அள்ளிக் கொடுக்கிறது. வாரத்தில் இரண்டு மாலைகளைக் கொடுப்பவர்கள்தாம் குறைவு. செல்வம் எங்கிருந்து ஈட்டப்பட்டு எதில் செலவிடப்பட்டது என்று கேட்கப்படுவதைப் போலவே, ஆயுள் எதில் கழிந்தது என்றும் மறுமையில் கேட்கப்படும். அந்தக் கேள்விக்கு, அடுத்தவர் வீட்டுப் பிள்ளை வழிதவறாமல் இருக்க இரண்டு மாலைகள் காவலிருந்தேன் என்று சொல்ல முடிவது சிறிய பாக்கியமா?

உங்கள் ஊரிலும் ஏதேனும் ஒரு மன்றத்தின் பொதுக்குழு இந்த ஆண்டு நடக்கும். யாரும் அழைக்கக் காத்திராமல் போய் அமருங்கள். தலைவர் பதவி வேண்டாம். உறுப்பினர் பட்டியலில் ஏழாவது, எட்டாவது பெயராக இருங்கள். செய்ய முடிந்த ஒரு வேலையைச் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உழைத்துக் களைத்திருக்கும் அந்த நான்கு பேருக்கு ஒரு ஸலாமும் ஒரு துஆவும் கூறுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் எண்ணங்களைச் சீராக்கி, நம் பிள்ளைகளைப் பாதுகாத்து, அவர்களுக்காக உழைப்போரின் உழைப்பை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.